அவள் பெயரில் ஒன்றுமில்லை

ஆறு பேர் கொண்ட குழுவில் ஒருவரைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. யாரை என்று யோசிக்க லீடருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஊமைக்கோட்டான்தான்.

ஜன்னலோர மேஜைக்காரிக்கு ஆபீஸ் வைத்த பெயர் அது. வருவாள், உட்காருவாள், ஆறு மணிக்குக் கிளம்புவாள். மீட்டிங்கில் வாயைத் திறந்ததில்லை. லீடர் ஜோக் அடித்தால் சிரித்ததும் இல்லை.

அவர்கள் செய்துகொண்டிருந்தது புரோகிராமர்களுக்கான ஒரு மென்பொருள். ஃபைல்கள் எல்லாம் எங்கோ தூரத்து சர்வரில் இருக்கும். ஆனால் சொந்தக் கம்ப்யூட்டரில் இருப்பதுபோலவே திறக்கலாம், திருத்தலாம், சேமிக்கலாம். யார் எப்போது எந்த ஃபைலில் கை வைத்தார்கள் என்பதையும் சர்வர் குறித்து வைத்துக்கொள்ளும்.

அந்தக் குறிப்பை அச்சடித்து எடுத்துக்கொண்டு லீடர் இயக்குநர் அம்மாளின் அறைக்குப் போனார்.

"ஆறு மாச விவரம், மேடம். நான் சொல்லலை, சர்வர் சொல்லுது."

அவள் பெயருக்கு நேரே பூஜ்யம். ஒரு ஃபைல், ஒரு வரி, ஒரு கமா கிடையாது. மற்ற நாலு பேர் பெயரில் ஏதோ நூறு, இருநூறு. முதலிடத்தில், ஆயிரத்து நூற்றுப் பதினாறு திருத்தங்களோடு லீடர்.

அந்த எண்ணைப் பார்த்து முதலில் அவருக்கே கொஞ்சம் திகைப்புதான். பிறகு, தலைமை தாங்குவதையும் சர்வர் சேர்த்து எண்ணுகிறது போலும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். போன மாதம் சிறந்த உழைப்பாளி விருது கிடைத்ததும் இதை வைத்துத்தான். மேடையில் வியர்வையின் அருமை பற்றி இருபது நிமிடம் பேசியிருந்தார், ஏ.சி.யைக் கூட்டி வைக்கச் சொல்லிவிட்டு.

அவள் ஒருத்தி சம்பாத்தியத்தில்தானே அந்தக் குடும்பமே ஓடுகிறது என்று இயக்குநர் தயங்கினார்.

"எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு, மேடம். ஆனா வேலை செய்யாதவங்களை உட்கார வெச்சா, செய்யறவங்களுக்குத் துரோகம் இல்லையா?"

இயக்குநர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடுமுன், இத்தனை திருத்தங்களில் ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிடலாமே என்று தன் கம்ப்யூட்டரை லீடர் பக்கம் திருப்பினார்.

லீடர் பாஸ்வேர்டு அடித்தார். ஏற்கவில்லை. ஒற்றை விரலால் நிதானமாக மறுபடி அடித்தார். அப்போதும் ஏற்கவில்லை. நெட்வொர்க் மக்கர் பண்ணுகிறது என்றார்.

இயக்குநர் போனில் யாரையாவது அனுப்பச் சொன்னார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்ததால் வந்தது அவள்தான்.

திரையைப் பார்த்தாள். மேஜைமேல் கிடந்த தாளையும் பார்த்தாள். தன் பெயரும் பக்கத்திலிருந்த பூஜ்யமும் கண்ணில் பட்டன.

"நெட்வொர்க்ல கோளாறு இல்லை, மேடம். நான் சேர்ந்தப்போ எனக்கு அக்கவுண்ட் வரலை. ரெண்டு நாளைக்கு என் பேர்லயே வேலை பாருன்னு சார் அவர் பாஸ்வேர்டைக் கொடுத்தார். அஞ்சாறு தடவை ஞாபகப்படுத்தியும் இன்னும் எனக்கு அக்கவுண்ட் வரலை. மூணு மாசம் முன்னாடி அந்தப் பாஸ்வேர்டு காலாவதியாச்சு, நான்தான் மாத்தினேன். புதுசை அன்னைக்கே சாருக்கு அனுப்பினேன். அவர் இன்னும் பார்க்கலை போல."

லீடருக்கு அந்த அறையில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மேஜையடியில் இருந்த வயர்களை ஆராயத் தொடங்கினார்.

இயக்குநர் பேனாவை மூடி வைத்தார்.

"அப்போ சார் என்னதாம்மா செய்யறார்?"

அவள் மனசார யோசித்தாள். என்ன இருந்தாலும் லீடர். இயக்குநர் முன்னால் அவரை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஒண்ணுமே செய்யலைன்னு சொல்லிட முடியாது, மேடம். நான் லீவு கேட்டா, கிடையாதுன்னு சார் அவர் கையாலதான் பதில் எழுதுவார்."