வேர்க்குரு

அவள்தான் முதலில் பார்த்தாள்.

சம்பந்தி சொர்ணத்தாயின் மடியில் இருபது நாள் பேரன். அவனைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியின் மடிப்பிலிருந்து மூட்டைப்பூச்சி ஒன்று மெல்ல வெளியே வந்தது. குடித்துக் கொழுத்திருந்தது.

கை நீட்டினால் எட்டிவிடும்.

நீட்டவில்லை. நீட்டினால் தெரிந்துவிடும்.

மகளின் பிரசவத்துக்கென்று, இழுத்து மூடிய லாட்ஜ் ஒன்றிலிருந்து மலிவாக வாங்கிப்போட்ட கட்டில். வந்த வாரமே விஷயம் தெரிந்துபோயிற்று. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினாள். சந்துகளில் மண்ணெண்ணெய் விட்டாள். பக்கத்து வீட்டார் கண்ணில் படாமல் மெத்தையை மொட்டைமாடியில் காயப்போட்டாள். நாலு நாள் அடங்கும். ஐந்தாம் நாள் பிள்ளையின் கையில் வரிசையாக மூன்று சிவந்த தடிப்புகள்.

மகள் கேட்டபோது வேர்க்குரு என்றாள்.

மாப்பிள்ளை போனில் கேட்டபோதும் வேர்க்குருதான்.

"என்னதும்மா அது?" மாப்பிள்ளை இப்போது எட்டிப் பார்த்தார்.

சொர்ணத்தாய் குனிந்தாள். பெருவிரலால் நசுக்கினாள். வெள்ளைத் துணியில் பொட்டளவு ரத்தம்.

பேரனின் ரத்தம்.

சொர்ணத்தாய் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"என் பையில வந்திருக்கும்யா. பஸ் சீட்டுல இருந்து ஏறியிருக்கும்."

மாப்பிள்ளைக்கு முகம் கடுத்தது.

"பச்சப்பிள்ளயப் பாக்க வாரோம். பைய உதறிட்டு வரணும்னு தெரியாதாம்மா ஒனக்கு?"

இரண்டு பஸ் மாறி வந்த மனுஷி. மருமகள் முன்னால், சம்பந்தி முன்னால், தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

இப்போது சொல்லலாம். இல்ல மாப்பிள்ளை என்று இரண்டே வார்த்தை.

அவள் காபி போட உள்ளே போனாள்.

பால் காயும்வரை மாப்பிள்ளையின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. சர்க்கரை எவ்வளவு போட்டோம் என்பது அவளுக்கு நினைவில்லை. தட்டில் தம்ளர்களோடு திரும்பி வந்தபோது சொர்ணத்தாயின் பை வாசலுக்கு வெளியே கிடந்தது. வெயிலில். பேரனுக்கென்று கையால் தைத்துக் கொண்டுவந்த குட்டிச் சட்டைகள் அதற்குள்ளேயே இருந்தன. வெளியே எடுக்க மகன் விடவில்லை.

குழந்தை அவள் மகளின் கைக்குப் போயிருந்தது. வெறும் மடியோடு உட்கார்ந்திருந்த சொர்ணத்தாய் காபியை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"காபி நல்லாருக்கு மைனி."

அதை அவளால் தாங்க முடியவில்லை.

தட்டைத் தரையில் வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் உள்ள வாங்க."

அறைக்குள் போய் ஜன்னலை முழுக்கத் திறந்தாள். வெளிச்சம் கட்டில்மேல் விழுந்தது.

மெத்தையின் முனையைத் தூக்கிப் பிடித்தாள்.

அவர் வந்து, குனிந்து, பார்த்து முடிக்கும்வரை அதைக் கீழே விடவில்லை.