மோத்துக்கு வைத்த ரொட்டி

"அவன் தட்டுல என்னடி வச்சே?"

விருந்தன்று அக்கா தங்கையை அடுக்களைக்கு இழுத்துப்போய்க் கேட்டாள்.

"ரொட்டிதான். எல்லாருக்கும் அதத்தானே வச்சேன்?"

"அடிப்பாவி! சாவுக்குப் போய் ரொட்டியா!"

மழையின் தேவன் பாகால்தான் அவர்களுடைய அப்பா. மலையுச்சியில் அவர் கட்டிய புது வீட்டுக்கு எல்லாத் தேவர்களும் வந்திருந்தார்கள். மரணத்தின் தேவன் மோத்தும் வந்திருந்தான். உயிரைத் தவிர வேறெதையும் தின்னாதவன்.

ரொட்டியைப் பார்த்தான். எழுந்து போய்விட்டான்.

அப்பா அவளைத் திட்டவில்லை.

"சின்னப் புள்ள. பசின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்னு நெனச்சிருச்சு."

சிரிக்கக்கூடச் செய்தார்.

அறுவடை முடிந்ததும் மோத்திடமிருந்து அப்பாவுக்குச் செய்தி வந்தது.

எனக்கு உணவாக நீயே வா. உன் மேகம், காற்று, மழை, ஒன்றையும் விட்டுவிட்டு வராதே. ரொட்டி வைத்தவளையும் கூட்டி வா.

அக்கா இரண்டு நாளாக அவள் தலையை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினாள்.

மூன்றாம் நாள் விடியலில் புறப்பாடு.

அவளுக்குத் தெரிந்தது ஒரே வேலை. பனித்துளியாகப் பெய்வது.

போகுமுன் மலைச்சரிவின் திராட்சைத் தோட்டத்தில் இறங்கினாள். இலை இலையாக நனைத்தாள். கோடையில் மழை கிடையாது. அவள் ஈரத்தில்தான் அந்தக் காய்கள் திரள வேண்டும். கீழே மனிதர்களின் கூரைகள் தெரிந்தன. ஒரு வீட்டில் குழந்தை அழுதது.

இன்னும் கொஞ்சம் நனைத்தாள்.

பிறகு ஓடிப்போய், மேகமும் காற்றும் மழையும் நின்ற வரிசையின் கடைசியில் நின்றாள்.

அப்பா வந்தார்.

மேகங்களை மந்தைபோல் ஒன்று சேர்த்தார். காற்றைச் சுருட்டித் தோளில் போட்டார். மழையை இடுப்பில் இறுக்கிக் கட்டினார்.

அவள் கையை நீட்டினாள்.

அவர் பிடித்துக்கொண்டார். வரிசையிலிருந்து வெளியே நடத்திவந்தார். வெயில் ஏறாத பக்கமாகப் பார்த்து, ஒரு திராட்சைக் கொடியின் அடியில் உட்கார வைத்தார்.

"அப்பா, என்னையும்தான சொன்னாங்க?"

அவர் அவளுடைய ஈரக் கையை எடுத்துத் தன் கண்கள்மேல் வைத்துக்கொண்டார். முதலில் ஒன்றின்மேல். பிறகு மற்றதன்மேல்.

கையைத் திரும்ப அவள் மடியில் வைத்தார். அது ஏதோ உடையும் பொருள் என்பதுபோல.

மேகங்கள் நகர்ந்தன.

மலையடியில் கறுப்பாகத் திறந்திருந்த மோத்தின் வாயை நோக்கி அப்பா இறங்கிப் போனார்.