ஒரு பக்கம் குழைஞ்ச சோறு

என் தட்டுல மட்டும் ஏன் குழைஞ்ச சோறு விழுது?

முதல் ரெண்டு நாள் போனாப் போகுதுன்னு விட்டுட்டேன். ரெண்டு வாரமா இதே கதைன்னா சும்மா இருக்க முடியுமா?

எங்க ஆபீஸ் பெட்டாலிங் ஜெயாவுல. மதியம் நாங்க மூணு பேர் ஒண்ணா சாப்பிடுவோம். நான், ரிசப்ஷன் மலர்விழி, போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த ஹுமைரா. கறி, குழம்பு எல்லாம் அவங்கவங்க வீட்டுல இருந்து வரும். சோறு மட்டும் பேன்ட்ரியில சுடச்சுட. ரைஸ் குக்கர் என்னோடது.

ஒன்பது வருஷமா நான்தான் ஆக்கினேன். என் சோத்தை ஒருத்தர் குறை சொன்னதில்ல. அரிசியை மூணு தண்ணியில கழுவணும், சமமாப் பரப்பணும், மேல ஒரு விரல் கணு அளவு தண்ணி. சுவிட்ச் மேல வந்ததும் அவசரப்படாம பத்து நிமிஷம் விட்டு, கிளறி விடணும். அடியும் மேலும் ஒரே பதமா இருக்கும்.

ரெண்டு மாசத்துக்கு முன்னால என்னை மேல் மாடிக்கு மாத்திட்டாங்க. பேன்ட்ரிக்குப் பக்கத்துலயே உட்கார்ற ஹுமைரா, தானே பார்த்துக்கிறதாச் சொன்னா. முதல்ல நல்லாத்தான் ஆக்கினா. அப்புறம் ஆரம்பிச்சுது இந்தக் கூத்து. ஒரு பக்கம் உதிரி உதிரியா, இன்னொரு பக்கம் கஞ்சி மாதிரி.

அதுகூடப் பரவால்ல. கரண்டியை அவ யார் கையிலயும் தரமாட்டா. கிளறியும் விடமாட்டா. சட்டியை ஒரு திருப்பு திருப்பி, உதிரிச் சோறு மலருக்கும் அவளுக்கும், குழைஞ்சது எனக்கு.

தண்ணி கூடிப் போச்சான்னு நாசூக்காக் கேட்டுப் பார்த்தேன். "குக்கர் பழசாயிடுச்சு போலக்கா"ன்னா, என் முகத்தைப் பார்க்காம. எப்படி இருக்கு பாருங்க. தப்பு என் குக்கர் மேல.

மலர்கிட்ட புலம்பினா, "சோறுதானேக்கா, சாப்பிட்டுட்டுப் போங்கலா"ன்னு சிரிக்கிறா. ரெண்டும் கூட்டுன்னு அப்பவே எனக்குத் தோணிடுச்சு.

ஐம்பத்தெட்டு வயசாச்சே, கிழவிக்கு இது போதும்னு நினைச்சுட்டாங்களா? முப்பத்திரண்டு பல்லும் சொந்தப் பல்லுன்னு இந்த ஆபீஸ்ல நெஞ்சை நிமிர்த்திச் சொல்றவ நான். ஸ்டோர் நாகையா அண்ணன் பல் செட் கட்டிக்கிட்டு வந்த அன்னிக்கு, "அண்ணே, தும்மும்போது கையில பிடிச்சுக்குங்க"ன்னு சொல்லி மொத்த ஆபீஸையும் சிரிக்க வச்சேன். அதுவரைக்கும் எங்களோட சாப்பிட்டுக்கிட்டிருந்த மனுஷன், அன்னியிலிருந்து கடையில தப்பாவ் பொட்டலம் வாங்கித் தனியா தின்கிறார். விளையாட்டுக்குச் சொன்னதுக்கு ரோஷத்தைப் பாருங்க.

இப்ப நான் முறுக்கெல்லாம் தொடறதில்ல. டயட். அப்பளத்தைக்கூட ரசத்துல நல்லா ஊறவச்சுத்தான் சாப்பிடறேன், எண்ணெய் போகட்டும்னு.

நேத்து ஒரு முடிவுக்கு வந்தேன். ஹுமைரா வேணும்னுதான் செய்யறான்னு தெரிஞ்சா, அவ முகத்துக்கு நேரா கேட்டுட்டு, குக்கரைத் தூக்கிக்கிட்டு கொமுட்டர் ரயில் ஏறி கிள்ளான்ல இருக்கிற என் வீட்டுக்குப் போயிடறது. ஒன்பது வருஷக் கூட்டுச் சாப்பாட்டுக்கு அதோட முழுக்கு.

இன்னிக்குப் பன்னிரண்டு மணிக்குக் காப்பி கலக்குற சாக்குல கீழ இறங்கினேன். ஹுமைரா பிரின்டர்கிட்ட நின்னா. குக்கர்ல சுவிட்ச் தட்டி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, தண்ணி இன்னும் சூடாகல. ஆனா குக்கர் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது.

குனிஞ்சு பார்த்தேன். ஒரு காலுக்கு அடியில அட்டை. நாலா மடிச்சு, டேப் சுத்தி, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி. தண்ணி மொத்தமும் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்திருக்கு.

மாட்டினியா மகளே. அட்டையை உருவிக் கைப்பையில போட்டேன். மூடியைத் திறந்து அரிசியைச் சமமாத் தட்டிவிட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி மேல போயிட்டேன்.

மதியம் ஹுமைரா மூடியைத் திறந்தவ அப்படியே நின்னுட்டா. குக்கருக்கு அடியில பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா.

"என்னம்மா, இன்னிக்குப் பிரமாதமா வெந்திருக்கே"ன்னேன்.

அவ மூணு தட்டுலயும் போட்டா. முல்லைப்பூ மாதிரி சோறு. முதல் வாய் சாப்பிட்டுட்டு அட்டையை மேசை மேல போடறதுன்னு திட்டம்.

முதல் வாய் வச்சேன். ஒரு கடி. காது வரைக்கும் வலி இழுத்துச்சு. கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு.

உண்மையைச் சொல்லிடறேன். டயட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. வலது பக்கம் கடவாப்பல் போயே போச்சு. இடது பக்கம் ரெண்டு ஆடுது. நாகையா அண்ணனைப் பார்த்துச் சிரிச்ச வாயை நான் எங்க கொண்டுபோய்த் திறந்து காட்டுவேன்?

மலர் நிமிர்ந்து பார்த்தா. என்னாச்சுன்னு அவ கேட்கறதுக்குள்ள ஹுமைரா எழுந்து என் தட்டை எடுத்துக்கிட்டா. பேன்ட்ரிக்குப் போய், சுடுதண்ணி ஊத்தி, கரண்டியால நல்லா மசிச்சு, ரசமும் விட்டுக் கொண்டுவந்து என் முன்னால வச்சா.

"மன்னிச்சிருங்கக்கா. இன்னிக்குக் கவனிக்காம விட்டுட்டேன், சோறு சமமா வெந்துடுச்சு."

அவ்வளவுதான் சொன்னா. பல்லுன்னு ஒரு வார்த்தை அவ வாயில வரல.

எனக்குத் வெட்கமா இருந்துச்சு. கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து அவ கையில கொடுத்தேன்.

"இன்னும் ஒரு மடிப்பு சேர்த்து வைம்மா. நாளைக்கு நாகையா அண்ணனையும் கூப்பிடப் போறேன்."