நீலம் பூத்த கட்டி

ஜப்பான் அதிகாரி கத்தியை அழுத்தியதும் சீஸ் கட்டி இரண்டாகப் பிளந்தது. வெள்ளைக்குள் நீலம் நரம்பு நரம்பாக ஓடியிருந்தது.

சேதுபதி எட்டிப் பார்த்தான். இது பழுத்ததா, அழுகியதா?

ஆறு மாதமாக அதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

காஜா பெராங் என்ற ஊரில், சண்டை வந்ததும் வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களா அது. இப்போது அதிகாரி அங்கே குடியிருந்தார். துரைக்கு வீட்டிலேயே செய்து பழுக்கவைத்த நீல சீஸ் தனக்கும் வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். அதைச் செய்கிற வரைக்கும் சேதுபதி சயாமுக்கு ரயில் பாதை போடப் போக வேண்டியதில்லை.

சயாமுக்கு ஆள் ஏற்றிப் போன லாரிகள் காலியாகத்தான் திரும்பின.

பால் பங்களாவிலிருந்து கிடைத்தது. சேதுபதி அதை வீட்டுக்குக் கொண்டுபோய் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்தான். துணியில் கட்டித் தொங்கவிட்டு, உப்புத் தடவி, கிணற்றடியில் ஈரச் சாக்கு மூடிய தாழிக்குள் வைத்தான்.

முதல் கட்டி சிவந்து கொழகொழத்துப் போனது. இரண்டாவதில் புழு நெளிந்தது.

அவன் மனைவி கோகிலா தாழிப் பக்கம் வரும்போதெல்லாம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். இடுப்பில், மரவள்ளிக் கஞ்சி குடித்தே வயிறு ஊதிய பிள்ளை.

“ஏங்க, பிள்ளைக்கு ஒரு வாய் பால் இல்ல. நீங்க பாலை அழுக வெச்சுக்கிட்டு இருக்கீங்க.”

“அழுகல கோகிலா, பூக்குது. துரை வீட்டுல பார்த்திருக்கேன்.”

சொல்லும்போதே அவனுக்குச் சந்தேகம்தான்.

மூன்றாவது முறை, பங்களா அலமாரியில் காய்ந்து ஒட்டிக் கிடந்த துரையின் பழைய சீஸ் துணுக்கைச் சுரண்டிப் பாலில் கரைத்தான். கட்டி இறுகியதும் சைக்கிள் கம்பியால் குத்திக் குத்தித் துளை போட்டான். ஒருநாள் நீலம் தெரிந்தது. துரை தின்ற நீலம் இதுதானா, வேறா? நாற்றமும் அடித்தது. நாற வேண்டியதுதான். ஆனால் எவ்வளவு நாறலாம்?

இப்போது அதிகாரி ஒரு துண்டை வெட்டி அவனிடம் நீட்டினார். முதலில் நீ தின் என்று ஜாடை காட்டினார்.

வாயில் போட்டான். உப்பு, ஒரு காரம், அப்புறம் சோப்பு மாதிரி என்னவோ. கண்ணில் நீர் முட்டியது. விழுங்கினான்.

அதிகாரி கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானும் தின்றார். மென்றார், நிறுத்தினார், மறுபடி மென்றார்.

குரலைத் தணித்து மலாயில் கேட்டார்: “இது இப்படித்தான் இருக்குமா? நான் தின்றதே இல்லை.”

“இப்படித்தான், துவான்.”

அதிகாரி தலையாட்டினார். மாதம் ஒரு கட்டி வர வேண்டும் என்றார்.

சேதுபதி வெளியே வந்தான். பத்து வருஷமாக அவன் தண்ணீர் ஊற்றி வளர்த்த ரோஜாச் செடிகள் வேலியோரம் நின்றன. அந்த வீட்டில் அவன் தோட்டக்காரன். துரைக்குச் சீஸ் செய்து கொடுத்தவர் சமையல்காரர் தனபாலன்.

அதைச் செய்தவன் எவன் என்று அதிகாரி பங்களா வேலைக்காரர்கள் எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கேட்டபோது தனபாலனும் கையைத் தூக்கத்தான் செய்தார். சேதுபதியின் கை ஒரு நொடி முந்திவிட்டது.

ஒருவன் போதும் என்று சொல்லி, அதிகாரி தனபாலனுக்குச் சயாம் லாரியைக் காட்டினார்.