கிளம்பும் சத்தம்

பேட்டரிக்காரர் பானெட்டைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். முள் எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது.

“வண்டி எங்கயும் போறதில்லையாக்கா?”

“இல்ல. எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனா தினமும் காலையில ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைச்சிருவேன். அப்படிப் பார்த்துக்கிட்டும் படுத்துக்கிச்சு.”

அவர் முகம் மலர்ந்தது. விளக்கம் சொல்ல இடம் கிடைத்துவிட்டது.

“அங்கதான் தப்பு. ஸ்டார்ட் ஆகுறப்ப பேட்டரி அள்ளிக் குடுக்குதுக்கா. நின்ன இடத்துல ஓடுற இன்ஜின் அதைக் கிள்ளித்தான் திருப்பித் தரும். அதுக்குள்ள நீங்க அணைச்சிடுறீங்க. உபசாரம் பண்றேன்னு பட்டினி போட்டிருக்கீங்க.”

அவள் சிரிக்கவில்லை.

நிற்கிற வண்டியை ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம் என்றார். பையிலிருந்து சின்ன சார்ஜர் ஒன்றை எடுத்துக் காட்டினார். மாட்டிவிட்டால் போதும், நிறைந்ததும் தானே அடங்கும், குறைந்தால் தானே ஊட்டும். மாதக்கணக்கில் மறந்துவிடலாம். ஒரு சத்தமும் இருக்காது.

“எனக்குச் சத்தம்தான் வேணும்.”

அவர் நிமிர்ந்தார். அவள் ஷெட்டை ஒட்டிய ஜன்னலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

உள்ளே மாமனார். பக்கவாதம் வந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் அவள் கணவன் இறந்தான். இந்த நிலையில் சொன்னால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவரைப் பொறுத்தவரை மகன் விடிந்ததும் வேலைக்குப் போகிறான், அவர் தூங்கிய பிறகு வருகிறான்.

“நாளைக்குக் காலையில வண்டி கிளம்பலைன்னா கேட்பாரு. அப்புறம் நான் என்னத்தைச் சொல்ல?”

பேட்டரிக்காரர் சற்று யோசித்தார். கணக்கு லேசானதுதான். காலையில் ஸ்டார்ட் செய்யட்டும். இழந்ததைப் பகல் முழுக்க சார்ஜர் திருப்பிக் கொடுக்கட்டும். இன்று பொழுது சாய்வதற்குள் மாட்டினால் காலைக்குத் தேறிவிடும்.

ஆனால் ஷெட்டில் பிளக் பாயிண்ட் இல்லை. ஜன்னலுக்கு உள்ளேதான் இருந்தது. அவள் தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குப் போனாள். அவர் வயரை ஜன்னல் வழியே நீட்டிவிட்டு அறைக்குள் வந்தார்.

கட்டிலில் பெரியவர் விழித்திருந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயால் நிதானமாகப் பேசினார்.

“இனிமே நிக்காம ஓடுமா தம்பி?”

“வருஷக்கணக்கா ஓடும், பெரியவரே. உங்க பையன் பயப்படாம வேலைக்குப் போகலாம்.”

பெரியவர் அவரையே பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்தார். உள்ளே பாத்திரம் உருண்டது.

“கியர் விழுந்து வண்டி நகர்ற சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லையே. நின்ன இடத்துல நிக்கிற வண்டியில எவன் வேலைக்குப் போவான்?”

பேட்டரிக்காரர் கையிலிருந்த பிளக்கோடு சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“அவகிட்ட சொல்லிடாத தம்பி. எனக்காகன்னுதான் அவ காலையில எந்திரிக்கிறா.”