காயிலில் கோளாறு

தாபோடியில் நீலாவின் வீட்டு வாசலில் அரை மணி நேரமாக ஃபியட் உறுமிக்கொண்டிருந்தது.

"சூடானாதான் காயில் பொறி விடாம மக்கர் பண்ணுதுன்னு வீட்டுக்காரர் சொல்றார். மாத்தறதுக்கு முன்னாடி நல்லா டெஸ்ட் பண்ணிடுங்க," என்றாள் நீலா.

மெக்கானிக் லூர்து என்ஜினை அணைத்தார். காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரின் மறுமுனையை உருவி, என்ஜின் இரும்புக்கு அருகே பிடித்தார். "இப்ப சாவியைத் திருப்புங்கம்மா."

நீலா வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். தெரிந்த தெய்வங்களையெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

நீலப் பொறி சடசடவெனத் தாவியது.

"காயில் குண்டுக்கல்லாட்டம் இருக்கும்மா. மாத்தவே வேணாம்."

நீலாவின் முகம் செத்துப்போயிற்று. "இன்னொரு தடவை பாருங்க."

மறுபடியும் பொறி. அதே நீலம்.

"கொதிக்கக் கொதிக்க நல்லா அடிக்குது. இன்னும் என்னம்மா சந்தேகம்?"

நீலா இறங்கி வந்தாள். "ஆபீஸ் விட்டு வரும்போது தினமும் கேம்ப் ஏரியாவுல வண்டி நின்னுடுமாம். காயில் ஆற ரெண்டு மணி நேரம் ஆகுமாம். மூணு மாசமா இதையேதான் சொல்றார்."

லூர்து தலையைக் குனிந்து ஒயரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பரவாயில்லை, புதுசே போட்டுடுங்க," என்றாள் நீலா. "இனிமே வண்டி எங்கேயும் நிக்காதுன்னு அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."