இடக்கைக் கட்டைவிரல்

"அண்ணை, ட்ரிக்கரை எத்தினை தரம் இழுத்தாலும் வெடிக்காது. முதல்ல ஹாமரைப் பின்னுக்கு இழுங்கோ!"

அக்னெஸ் மூன்றாவது முறையாகச் சொன்னாள். பேரின்பநாதன் கையிலிருந்த ரிவால்வரைப் பார்த்தார். அதன் முதுகில் சின்னக் கொம்புபோல நின்றது ஹாமர். பழைய கௌபாய்த் துப்பாக்கி. ஒவ்வொரு குண்டுக்கும் அந்தக் கொம்பைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். பிறகுதான் ட்ரிக்கர் வேலை செய்யும்.

"இழுக்கிறன் பிள்ளை. இழுக்கேக்கை துவக்கு நிலத்தைக் கும்பிடுது."

"பிடிச்சிருக்கிற கையாலையே இழுத்தால் அப்பிடித்தான். வலக்கை பிடிக்கட்டும், இடக்கைக் கட்டைவிரல் இழுக்கட்டும். ட்ரிக்கரிலை விரலைச் சும்மா வைச்சால் காணும். கிளப் துவக்கு, ஸ்பிரிங்கை இளக்கி வைச்சிருக்கு."

விரலைச் சும்மாதான் வைத்தார். 'டமார்' என்றது. குண்டு, குறிக்காக நிறுத்தியிருந்த இரும்புத் தகடுகளுக்கு மேலாகப் பறந்து, பின்னாலிருந்த மண்மேட்டில் புதைந்தது.

"மூச்சு விட்டாலே வெடிக்குது! என்ரை மனுசி சிவமலரை விட இதுக்குக் கோவம் கூட."

அக்னெஸ் சிரித்தாள். தபால் கந்தோரில் வேலை. மிச்ச நேரத்தில், லவாலுக்கு வடக்கே இருக்கும் இந்தக் கிளப்பில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள்.

"இந்த வயதிலை உங்களுக்கு ஏன் அண்ணை இந்த வேலை?"

"மகளுக்காகப் பிள்ளை. வேறை எதுக்கு?"

பேரின்பநாதனுக்கு ஐம்பத்தொன்பது வயது. லொங்குய்யில் பாண் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பாண் வெட்டும் கத்தியை விடப் பெரிய ஆயுதம் எதையும் தொட்டறியாதவர். மகள் தாட்சாயினி, புரோசார்டில் வசிக்கும் சென்னைக் குடும்பத்துப் பையன் ராகவை விரும்பினாள். வசந்த காலத்தில் இரு குடும்பமும் ஓர் உணவகத்தில் சந்தித்தன. ராகவின் அப்பா ராஜசேகரனும் பேரின்பநாதனும் இரண்டு மணி நேரம் கதைத்தார்கள். முழுக்க முழுக்கப் பனியைப் பற்றி. கல்யாணப் பேச்சை ராஜசேகரன் எடுக்கவே இல்லை. மனுசனுக்கு விருப்பமில்லை என்று பேரின்பநாதன் முடிவு கட்டிவிட்டார்.

பிறகு ஒருநாள் ராகவ் வந்தான்.

"அங்கிள், அப்பாவுக்கு கௌபாய் ஷூட்டிங்னா உயிர். ஆகஸ்ட்ல கிளப்ல ஒரு போட்டி இருக்கு, யார் வேணா கலந்துக்கலாம். நீங்களும் வந்து நின்னீங்கன்னா அவர் மனசு மாறிடும்."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பேரின்பநாதன் இங்கே மண்ணைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

போட்டி நாளில் ராஜசேகரன் வெள்ளைத் தொப்பி, தோல் சட்டை, முழங்கால்வரை சப்பாத்து என்று வந்து நின்றார். பேரின்பநாதனின் தலையில் சிவமலர் தோட்டத்துக்குப் போடும் வைக்கோல் தொப்பி. அதிலிருந்த பூவை மட்டும் காருக்குள் வைத்துப் பிய்த்து எறிந்திருந்தார்.

"நீங்க முதல்ல போங்க சார். நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார் ராஜசேகரன்.

'பீப்' என்று நேரக்கருவி ஒலித்தது. அந்த ஒலியோடு இரண்டு மாதப் பயிற்சியும் பறந்துபோனது. இடக்கைக் கட்டைவிரல் தன் கடமையை மறந்தது. வலக்கையே பிடித்தது, வலக்கையே இழுத்தது. ஒவ்வொரு முறையும் குழல் குனிந்து கும்பிட்டு எழுந்தது. நான்கு குண்டுகள் மண்ணுக்குள். ஐந்தாவது மட்டும் ஒரு தகட்டில் 'டங்' என்று பட்டது. அவர் குறி வைத்தது அதற்கு இரண்டு தகடு தள்ளி.

ராஜசேகரன் கண் இமைக்காமல் பார்த்தார்.

"சார், ஒவ்வொரு தடவையும் குழலைக் கீழே இறக்கி ஏத்துறீங்களே, அது எதுக்கு?"

நக்கல்! பேரின்பநாதனுக்குக் காது மடல் சுட்டது.

"அது... ஒரு பழக்கம்."

"ஓஹோ" என்று ராஜசேகரன் பயபக்தியோடு தலையாட்டினார்.

அடுத்து அவர் முறை. 'பீப்' ஒலித்ததும் ராஜசேகரன் குழலை இறக்கினார், ஏற்றினார், சுட்டார். மறுபடி இறக்கினார். பேரின்பநாதன் செய்ததை அச்சு அசலாக அப்படியே. ஐந்து குண்டும் மண்ணில்.

இத்தனை பேருக்கு முன்னால் என்னைப் போலச் செய்து காட்டுகிறாரே! பேரின்பநாதனுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அங்கேயும் தன் குண்டுகள்தான் கிடக்கும் என்பதும் உடனே ஞாபகம் வந்தது.

முடிவுகளை ஒட்டினார்கள். இருபத்திரண்டு பேரில் அவர் இருபத்தொன்று. கடைசி ராஜசேகரன். வேண்டுமென்றே தோற்றும் அல்லவா கேலி செய்திருக்கிறார்!

இனிப் பொறுக்க முடியாது. வாங்கில் தனியே உட்கார்ந்திருந்த ராஜசேகரனிடம் போய், வைக்கோல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார்.

"நக்கலடிச்சது காணும், சேர். பிழை என்னிலைதான். எனக்குத் துவக்கைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. வெடிச் சத்தமே பிடிக்காது. உங்களுக்கு இது உயிர் எண்டு ராகவ் சொன்னவர், அதாலை வந்து நிண்டனான். நான் ஒரு விசரன். ஆனால் என்னை வைச்சு என்ரை பிள்ளையின்ரை கலியாணத்தைக் குழப்பிப் போடாதேங்கோ."

ராஜசேகரன் மெல்லத் தன் இடக்கையைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரல் வீங்கிப் பிளாஸ்டர் போட்டிருந்தது.

"எனக்கு உயிரா? உங்களுக்குத்தான் இது உயிர்னு உங்க பொண்ணு சொன்னா சார்! ரெண்டு மாசமா புதன்கிழமை புதன்கிழமை அக்னெஸ் மேடம்கிட்ட கத்துக்கிட்டு வந்தேன். இன்னைக்கு நீங்க குழலை இறக்குறதைப் பார்த்ததும், அவங்க சொல்லிக்கொடுத்ததுதான் தப்புன்னு நினைச்சு நானும் இறக்கிட்டேன்!"